டாஸ் இயங்குதளத்தில் ஒலிப் பழுதறிதலும் உள்ளமைந்த உதவியும்

ஆய்வுச்சுருக்கம்

கட்டளைவரியில் இயங்கும் டாஸ் இயங்குதளத்திற்காக எழுதப்பட்ட மென்பொருள்களை இன்று மீள இயக்கிப் பார்ப்போர் எதிர்கொள்ளும் முதன்மையான இடர்ப்பாடு ஒலி எழாமை ஆகும். டாஸ் ஒலியை நிருவகிப்பதில்லை என்பதே இதன் அடிப்படைக் காரணம். வன்பொருள், சூழல்மாறி, மென்பொருளின் அமைப்புக்கோப்பு ஆகிய மூன்றும் ஒரே மதிப்புகளைக் கொண்டிருத்தல் வேண்டும். இம்மூன்றனுள் சூழல்மாறிக்குரிய விதிகளை மட்டுமே டாஸின் உள்ளமைந்த உதவி விளக்குகிறது. இவ்வெல்லையை உணர்ந்து பழுதைக் கண்டறியும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: டாஸ், ஒலி அட்டை, குறுக்கீடு, சூழல்மாறி, கட்டளைவரி, உதவிக் கட்டளை.

முன்னுரை

பழைய மென்பொருள் ஒன்றை ஆராய்பவர் அது இயங்கிய நிலையிலேயே அதனைக் காண விரும்புவது இயல்பு. திரையில் எழுத்தும் படமும் தோன்றிவிட்டால் மென்பொருள் முழுமையாக இயங்குகிறது என்று கருதிவிடும் போக்கும் உண்டு. ஆனால், ஒலி எழாதபோது பெரும்பாலான டாஸ் மென்பொருள்கள் எவ்விதப் பிழைச்செய்தியும் தராமல் தொடர்ந்து இயங்கும். இதனால், ஒலியுடன் உருவாக்கப்பட்ட ஒரு படைப்பை ஒலியற்ற படைப்பு என்று பதிவு செய்துவிடும் இடர் நேர்கிறது. எனவே, ஒலிப் பழுதை அறிதல் சான்றின் நம்பகத்தன்மையோடு தொடர்புடையதாகிறது.

டாஸும் ஒலியும்

1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐபிஎம் தனிமேசைக் கணினியில் ஒரு சிறு ஒலிபெருக்கி மட்டுமே இருந்தது. நேரக்கணிப்புச் சில்லு ஒன்றின் துணையால் அது ஒற்றைச் சுரத்தை எழுப்பியது. அடுத்து வந்த ஒலி அட்டைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1987இல் வெளிவந்த ஆட்லிப் அட்டை யமஹா நிறுவனத்தின் சில்லைக் கொண்டு இசையை உருவாக்கியது. சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர், அவ்விசையோடு பதிவு செய்யப்பட்ட குரலையும் ஓசையையும் ஒலிக்கச் செய்தது.

பிற்கால இயங்குதளங்களில் மென்பொருளுக்கும் ஒலி அட்டைக்கும் இடையே இயக்கி நிரல் ஒன்று நிற்கும். டாஸில் அத்தகைய பொது இடைநிலை இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் அட்டையோடு நேரடியாகவே உரையாடியது. ஆகவே, அட்டை எம்முகவரியில் உள்ளது, எக்குறுக்கீட்டு எண்ணைப் பயன்படுத்துகிறது, எந்த நேரடி நினைவகத் தடத்தின் வழியே ஒலித்தரவைப் பெறுகிறது என்னும் மூன்றையும் மென்பொருள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியதாயிற்று.

மூன்று இடங்களின் ஒப்புமை

மேற்கூறிய மதிப்புகள் மூன்று இடங்களில் அமைகின்றன. முதலாவது அட்டையே ஆகும். தொடக்ககால அட்டைகளில் இணைப்பூசிகளை மாற்றி இவற்றை அமைத்தனர். பிற்கால அட்டைகளில் அமைப்பு நிரல்கள் அப்பணியைச் செய்தன. இரண்டாவது பிளாஸ்டர் என்னும் சூழல்மாறி. கணினி தொடங்கும்போது இயங்கும் ஆட்டோஎக்ஸெக் கோப்பில் செட் கட்டளையால் இது வரையறுக்கப்படும். ஒவ்வொரு மதிப்பின் முன்னும் ஓர் உரோமன் எழுத்து நின்று அது முகவரியா, குறுக்கீடா, தடமா, அட்டையின் வகையா என்பதைச் சுட்டும். மூன்றாவது மென்பொருளின் சொந்த அமைப்புக்கோப்பு.

சூழல்மாறி ஓர் அறிவிப்பே. அது தானாக அட்டையை மாற்றுவதில்லை. அட்டை குறுக்கீடு 7இல் இருக்க, மாறி 5 என்று கூறினால், மாறியை நம்பும் மென்பொருள் தவறான இடத்தில் காத்திருக்கும். சில மென்பொருள்கள் மாறியைப் படிக்கும். சில தம் அமைப்புக்கோப்பை மட்டுமே நம்பும். ஆகவே, ஒரு மென்பொருளில் ஒலி எழுவதும் மற்றொன்றில் எழாமையும் அட்டை பழுதுற்றதற்குச் சான்றாகா.

குறியும் காரணமும்

ஒலி எவ்வகையில் குறைபடுகிறது என்பதே காரணத்தைச் சுட்டும் முதல் தடயம்.

முதலாவதாக, இசை எழுந்து, குரலும் ஓசையும் எழாவிடில், பிழை பெரும்பாலும் குறுக்கீட்டு எண்ணிலோ நினைவகத் தடத்திலோ இருக்கும். ஆட்லிப் வகை இசைக்கு முகவரி மட்டுமே போதுமானது. பதிவொலிக்கோ அவ்விரண்டும் தேவை.

இரண்டாவதாக, ஓசையின் ஒரு சிறு துண்டு மட்டும் ஒலித்து நின்றாலோ இடைவிடாது திரும்ப ஒலித்தாலோ, தடம் சரியாக இருந்து குறுக்கீட்டு எண் மட்டும் தவறாக இருக்க வாய்ப்பு மிகுதி. தரவு அட்டையைச் சென்றடைகிறது. அது முடிந்தது என்னும் செய்தி மென்பொருளை வந்தடைவதில்லை. பழைய அட்டைகளின் இயல்பு மதிப்பான குறுக்கீடு 7 அச்சுப்பொறித் துறைக்கும் உரியதாகையால் இரண்டும் மோதக்கூடும்.

மூன்றாவதாக, எவ்வொலியும் எழாவிடில் முகவரி, ஒலியளவு, அட்டையின் தொடக்கநிலை அமைப்பு ஆகியவற்றை ஆராய்தல் வேண்டும். தானியங்கி அமைப்பு முறையைப் பின்பற்றும் அட்டைகள், அவற்றுக்குரிய நிரல் டாஸில் இயங்கும்வரை ஊமையாகவே இருக்கக்கூடும்.

நான்காவதாக, மிக விரைவான கணினியில் ஆட்லிப் இசை மட்டும் எழாமல் போகலாம். ஒரு கட்டளையை ஏற்றபின் அச்சில்லுக்குச் சில மைக்ரோநொடிகள் இடைவெளி தேவை. மெதுவான கணினிகளை எண்ணி எழுதப்பட்ட நிரல் அவ்விடைவெளியைத் தராதபோது சில்லைக் கண்டறியத் தவறுகிறது.

உள்ளமைந்த உதவி

1991இல் வெளிவந்த எம்எஸ்-டாஸ் 5.0 பதிப்பில், கட்டளையின் பின் சாய்கோடும் வினாக்குறியும் இட்டால் அதன் சுருக்க விளக்கம் தோன்றும் வசதி இடம்பெற்றது. 1993இல் வந்த 6.0 பதிப்பில் ஹெல்ப் கட்டளை முழுத்திரை உதவி நூலாக விரிந்தது. இவ்வுதவி தனித்து இயங்குவதன்று. கியூபேசிக் நிரலின் துணையால் இயங்குவது. வட்டில் இடம் வேண்டிக் கியூபேசிக்கை நீக்கியோர் உதவியையும் இழந்தனர். ஆகவே, ஹெல்ப் இயங்காவிடில் முதலில் தேடவேண்டியது கியூபேசிக் கோப்பையே. அப்போதும் வினாக்குறி வழியிலான சுருக்க உதவி கிடைக்கும். 1994இல் தொடங்கப்பட்ட ஃப்ரீடாஸ் திட்டத்தில் உதவி தனித்தொகுப்பாக அமைந்தமையால் அத்தொகுப்பு நிறுவப்பட்டுள்ளதா என்று காணுதல் வேண்டும்.

இவ்வுதவி டாஸ் கட்டளைகளைப் பற்றியது. ஒலிக்கெனத் தனிக்கட்டளை டாஸில் இல்லை. ஆகவே ஒலி அட்டையைச் சரிசெய்ய வழிகூறும் பக்கத்தையும் அதில் எதிர்பார்த்தல் இயலாது. எனினும் மறைமுகப் பயன் மிகுதி. செட் பற்றிய பக்கம் மாறியை வரையறுக்கும் முறையைக் கூறும். செட் என்று மட்டும் தட்டினால் நடப்பிலுள்ள மாறிகள் அனைத்தும் தோன்றும். சமக்குறிக்கு முன் இடைவெளி விட்டால் அவ்விடைவெளியும் மாறியின் பெயரில் சேர்ந்துவிடும். பார்வைக்குச் சரியாகத் தோன்றினும் மென்பொருள் அதனைக் கண்டுகொள்ளாது. சூழல் நினைவகத்தின் இயல்பான அளவு 256 பைட்டுகளே. அது நிறைந்துவிட்டால் புதிய மாறி முழுமையாகப் பதிவாகாது. அதனைப் பெருக்கும் வழி கமாண்ட் பற்றிய பக்கத்தில் உள்ளது. ஒலி இயக்கிகளால் 640 கிலோபைட் மரபு நினைவகம் எவ்வளவு குறைகிறது என்பதை மெம் கட்டளை காட்டும்.

எமுலேட்டர்களில் ஒலி

இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் பழைய கணினியை மென்பொருளால் உருவகிக்கும் எமுலேட்டர்களையே பயன்படுத்துகின்றனர். இங்கும் அதே ஒப்புமை தேவைப்படுகிறது. டாஸ்பாக்ஸ் சவுண்ட் பிளாஸ்டர் 16 அட்டையை இயல்பாகக் குறுக்கீடு 7இல் அமைத்து, சூழல்மாறியையும் தானே வரையறுத்துவிடுகிறது. கியூஎமு அதே அட்டையைக் குறுக்கீடு 5இல் அமைக்கிறது. அதில் நிறுவப்படும் டாஸில் மாறியைப் பயனரே வரையறுத்தல் வேண்டும். டாஸ்பாக்ஸில் அமைக்கப்பெற்ற மென்பொருளை அதன் அமைப்புக்கோப்போடு கியூஎமுவுக்கு மாற்றினால், இசை ஒலித்து ஓசைகள் தவறும் நிலை ஏற்படலாம். படைப்பில் ஓசையே இல்லை என்ற முடிவுக்கு வருவதற்கு இதுவே வாய்ப்பான சூழல். அமைப்புக்கோப்பில் 7ஐ 5 என மாற்றிய பின்னரே இயக்கிப் பார்த்தல் தகும். டாஸ்பாக்ஸின் ஹெல்ப் கட்டளை அதற்கே உரியது. எம்எஸ்-டாஸின் உதவி நூல் அன்று என்பதையும் நினைவிற்கொள்ளல் நன்று.

முடிவுரை

டாஸில் ஒலிப் பழுதறிதல் என்பது அட்டை, சூழல்மாறி, அமைப்புக்கோப்பு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு நோக்குவதே ஆகும். உள்ளமைந்த உதவி இவற்றுள் நடுவிலுள்ளதற்கே வழிகாட்டுகிறது. ஏனைய இரண்டிற்கும் அட்டையின் கையேட்டையும் மென்பொருளின் அமைப்பு நிரலையும் நாடவேண்டும். பழைய மென்பொருளை ஆவணப்படுத்துவோர், எமுலேட்டரின் பெயரும் பதிப்பும், முகவரி, குறுக்கீட்டு எண், தடம், மாறியின் முழு வரி ஆகியவற்றையும் தம் குறிப்பில் சேர்த்தல் இன்றியமையாதது. அவ்வாறு சேர்ப்பின், ஒரு படைப்பு ஒலியற்றது என்னும் கூற்றைப் பின்வரும் ஆய்வாளர் அதே அமைப்பில் சோதித்து உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலும்.