நெட் போனாலும் பக்கம் திறக்கணுமா?

இரும்புலியூர்ல இருந்து பேசுறேன். நடுநடுவுல ஜிஎஸ்டி ரோடு லாரி சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க.

2015 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? பக்கத்துல முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் தண்ணில நின்னுச்சு. எங்க வீட்ல கரண்ட் இல்ல, போன்ல சிக்னல் இல்ல. எனக்கோ அடுத்த வாரம் ஒரு இன்டர்வியூ. படிக்க வேண்டிய ஜாவா பாடம் மொத்தமும் ஒரு வெப்சைட்ல இருக்கு. நான் புக்மார்க் மட்டும்தான் பண்ணி வெச்சிருந்தேன். புக்மார்க்ங்கிறது வெறும் விலாசம், வீடு இல்லைன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

மாடி வீட்டு அண்ணா லேப்டாப்ல அதே சைட் நெட் இல்லாமலே திறந்துச்சு! முந்தின மாசமே முழுசா இறக்கி வெச்சிருந்தார். சார்ஜ் தீர்ற வரைக்கும் உட்கார்ந்து படிச்சேன்.

அவர் பயன்படுத்தின மென்பொருள் எச்டிடிராக். சேவியர் ரோஷ் என்பவர் தொடங்கினது, 1998லிருந்து இருக்கு. இலவசம், கட்டற்ற மென்பொருள். கமாண்ட் அடிச்சுப் பழகினவங்களுக்கு அதைவிடப் பழைய டபிள்யூகெட் இருக்கு.

இது எப்படி வேலை செய்யுது? பிரவுசர்ல ஒரு பக்கத்தை 'சேவ்' பண்ணா அந்த ஒரு பக்கம்தான் வரும். அதுல ஒரு லிங்க்கைத் தட்டினா மறுபடி நெட்டைத் தேடும். எச்டிடிராக் அப்படி இல்லை. முதல் பக்கத்தை எடுக்கும். அதில் உள்ள லிங்க்குகளைப் படிக்கும். அந்தப் பக்கங்களையும், படங்களையும் எடுக்கும். அவற்றில் உள்ள லிங்க்குகளைப் படிக்கும். இப்படியே போகும். கடைசியா ஒரு முக்கியமான வேலை: 'அந்த சர்வருக்குப் போ' என்று இருக்கும் லிங்க்கை, 'இந்த ஃபோல்டரைத் திற' என்று மாற்றி எழுதும். அதனாலதான் நெட் இல்லாமலும் பக்கம் விட்டுப் பக்கம் தாவ முடியுது.

எல்லாமே வருமான்னு கேட்டா, வராது. தேடல் பெட்டி வேலை செய்யாது, ஏன்னா தேடித் தர்றது அந்தப் பக்கம் இருக்கிற சர்வர். லாகின் கேட்கிற சைட், ஸ்க்ரோல் பண்ணப் பண்ண வளர்ற பக்கம் எல்லாம் பெரும்பாலும் சொதப்பும். கட்டுரை, பாடம், குறிப்புன்னு எழுத்தா இருக்கிற சைட்தான் இதுக்குச் சரியான தீனி.

ஒரு மரியாதையும் இருக்கு. வேகத்தைக் குறைச்சு வைங்க. ஒரே நேரத்துல நூறு பக்கம் கேட்டா, சின்ன சர்வர் திணறும், உங்களை பிளாக்கும் பண்ணலாம். இறக்கினதை நீங்க படிங்க. அனுமதி இல்லாம வேற இடத்துல ஏத்தாதீங்க.

விக்கிப்பீடியா வேணும்னா இவ்வளவு கஷ்டம் வேண்டாம். கிவிக்ஸ்னு ஒரு ஆப் இருக்கு. மொத்தத் தமிழ் விக்கிப்பீடியாவும் ஒரே கோப்பா கிடைக்கும். ஒரு தடவை இறக்கினா போதும், ஊருக்குப் போற ரயில்ல சிக்னல் போனாலும் படிக்கலாம்.

'இப்பதான் எப்பவும் நெட் இருக்கே, எதுக்கு இது?'ன்னு தோணலாம். நெட் போனா திரும்ப வந்துடும். சைட் போனா? ஜியோசிட்டீஸ் கதையைப் பாருங்க. 90கள்ல லட்சக்கணக்கான சாதாரண ஜனங்க சொந்தப் பக்கம் கட்டின இடம் அது. 1999ல யாகூ வாங்குச்சு. 2009 அக்டோபர் 26 அன்னிக்கு மூடிடுச்சு. ஆர்கைவ் டீம் என்கிற தன்னார்வலர் கூட்டம், மூடுறதுக்குள்ள கையில் கிடைச்சதை எல்லாம் இதே வழியில, லிங்க் பிடிச்சு லிங்க்கா இறக்குச்சு. அடுத்த வருஷம் 600 ஜிபிக்கு மேல டாரண்ட்டா வெளியிட்டாங்க. யாரும் இறக்காத பக்கங்கள் போனது போனதுதான்.

பெரிய கம்பெனி கட்டின இடத்துக்கே இந்த கதி. தனி ஒருத்தர் வருஷா வருஷம் தன் கைக்காசுல டொமைன் புதுப்பிச்சு நடத்துற தமிழ்த் தளங்களை நினைச்சுப் பாருங்க. அப்படி உங்களுக்குப் பிடிச்ச ஒண்ணு கண்டிப்பா இருக்கும். இந்த வாரம் அதை மட்டும் இறக்கி, வைஃபையை அணைச்சிட்டு ஒரு தடவை திறந்து பாருங்க. திறந்தா, இனி அது உங்ககிட்டயும் இருக்கு.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.