உப்புக்கு நடுவே ஒரு சிரட்டைத் தண்ணீர்

சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு மிளகாய் விவசாயி கேட்டிருந்தார்: "கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் நிலம். 60 அடி போர் மூன்று வருடம் நல்ல தண்ணீர் கொடுத்தது. இப்போது உப்பு. இன்னும் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணீர் கிடைக்குமா?" இந்தக் கேள்விக்கு எங்கே போய்ப் பதில் தேடலாம் என்று யோசித்தபோது தனுஷ்கோடிதான் நினைவுக்கு வந்தது. மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தேன்.

ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017 முதல் தார்ச்சாலை வந்துவிட்டது. அதற்கு முன் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும், அப்பால் மணலில் வேன்தான். இப்போது வருகிறவர்கள் கோட்டைச் சுவர் போல நிற்கும் இடிந்த தேவாலயத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். 1914 முதல் இங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போனது. துறைமுகம், ரயில் நிலையம், தபால் ஆபீஸ் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல், பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும் கொண்டுபோனது. மக்கள் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவர்கள் மட்டும் திரும்பி வந்தார்கள். ஓலைக் குடிசை போட்டு இன்றும் இருக்கிறார்கள்.

நான் போன நேரம் தென்கடலில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வடக்கே இருப்பது பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பது இவர்கள் வழக்கு. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கலங்கும், அப்போது தெற்கே வலை. தென்மேற்குக் காற்று தொடங்கினால் வடக்கே மாறிவிடுவார்கள். நாம் பட்டம் பார்த்து விதைப்பது போலத்தான். வள்ளத்தில் வலையைக் கொண்டுபோய் அரைவட்டமாக விரித்துவிட்டு, இரண்டு கயிற்று முனைகளையும் கரையில் ஆள் பிரிந்து இழுக்கிறார்கள். இருபது பேருக்குக் குறையாமல் இருந்தார்கள், பெண்களும் உண்டு. இழுக்க இழுக்க இரண்டு அணியும் நெருங்கி வர, கடைசியில் மடி கரையேறியது. சூடை, காரல், கொஞ்சம் நெத்திலி. வலைக்கும் வள்ளத்துக்கும் பங்கு எடுத்தது போக மீதி இழுத்தவர்களுக்கு.

"டீசல் காசுக்குக்கூட மீனில்லைன்னா என்ன செய்வீங்க?" என்றேன்.

"கரைவலைக்கு ஏது சார் டீசல்? கைதான்" என்று சிரித்தார் ஒருவர்.

நான் வந்த காரியம் குடிசைகளுக்குப் பின்னால் இருந்தது. இரண்டு பக்கமும் கடல். நடுவில் ஒரு மணல் பள்ளம், இடுப்பளவு ஆழம்கூட இல்லை. எழுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா உட்கார்ந்து, அடியில் ஊறிய தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாங்கிக் குடித்தேன். உப்பில்லை.

"இன்னும் ரெண்டடி தோண்டுனா நிறைய ஊறுமே ஆத்தா?"

"தோண்டுனா கரிச்சிரும் தம்பி. மேல வர்றத மட்டுந்தான் எடுக்கணும். கலங்குனா ஊத்த விட்டுட்டுப் போயி, பொறவு வரணும்."

வேளாண்மைக் கல்லூரியில் நான்கு வருடம் படித்ததில் இதற்கு மேல் ஒன்றுமில்லை, கணக்கு மட்டும்தான் கூடுதல். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ எடை. கடல்நீர் அதைவிட 25 கிராம் கூடுதல். அதனால் மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி வைக்கும். மோட்டார் வைத்து அந்த ஒரு அடியை உறிஞ்சிவிட்டால் கீழேயுள்ள உப்பு நாளடைவில் அந்த 40 அடியும் ஏறி வரும். போருக்கு நேர் கீழே கூம்பு மாதிரி எழும்பி முதலில் அங்கேதான் கரிக்கும். தனுஷ்கோடி குறுகலான மணல்திட்டு என்பதால் நல்ல தண்ணீரின் கனமும் குறைவு. அந்த அம்மாவின் சிரட்டை அந்தக் கனத்துக்கு ஏற்ற மோட்டார்.

இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் ஒரு கடலோரக் கிராமத்தில், தண்ணீர் குறைந்த போரை ஆழப்படுத்தச் சொன்னவனே நான்தான். அடுத்த கோடையில் அந்தக் கத்தரித் தோட்டம் இலை ஓரம் கருகி நின்றது. கடன் வாங்கிப் போட்ட போர். அவர் என்னைத் திட்டவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

எனவே, கேள்வி கேட்ட அன்பருக்கு: ஆழப்படுத்த வேண்டாம். உங்கள் இடத்தில் ஆழத்தில் வேறு நல்ல நீர்த்தாங்கி உண்டா என்பதை நிலத்தடி நீர் ஆய்வு செய்தவர்கள் சொன்னாலொழிய அந்தச் செலவில் இறங்காதீர்கள். இருக்கிற போரைச் சில வாரம் ஓய்வில் விடுங்கள். முடிந்தால் ஆழம் குறைந்த அகலக் கிணறு வெட்டி, தினம் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் என்று விட்டுவிட்டு இறையுங்கள். சிறிய மோட்டார் போதும், சொட்டுநீர் இருந்தால் அதற்கு அதுவே கணக்கு. நம் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடுகிறது. பண்ணைக்குட்டையும் தூர்வாரிய ஊருணியும்தான் அந்த ஒரு அடியைத் திரும்ப நிரப்பும். கடலோர மணல்மேட்டை யாராவது அள்ள வந்தால் தடுங்கள். மழையைப் பிடித்து வைக்கும் தொட்டி அது.

தண்ணீர் மாதிரியை வருடத்துக்கு இரண்டு முறை, தை மாதத்தில் ஒன்றும் வைகாசியில் ஒன்றும், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டபின் சுத்தமான பாட்டிலில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். சீட்டில் மின்கடத்தும் திறன் என்று ஒரு எண் இருக்கும். மிளகாய்க்கு அது ஒன்றைத் தாண்டினாலே கவனம் வேண்டும். இரண்டு சீட்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வைகாசி எண் வருடா வருடம் ஏறிக்கொண்டே போனால், இறைப்பதைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. சீட்டின் நகலை எனக்கும் அனுப்பி வையுங்கள்.