அடையாளம் தெரியாத சடலங்களுக்குப் பெயர் தேடும் சாமானியர்கள்: யார் இவர்கள்? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

போலீஸ் இல்லை, டாக்டர் இல்லை, தடயவியல் படிப்பும் இல்லை. ஆனால், பல ஆண்டுகளாக யாரென்றே தெரியாமல் கிடந்த சடலங்களுக்கு இவர்கள் பெயர் கண்டுபிடிக்கிறார்கள். அமெரிக்காவில் கடந்த 25 ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் வேலை இது. ஃபேக்டரி தொழிலாளி, ஓய்வு பெற்றவர், இல்லத்தரசி எனச் சாதாரண மக்கள்தான் இதில் இறங்கியிருக்கிறார்கள்.

இது எப்படித் தொடங்கியது? ஒரு எலும்புத் துண்டிலிருந்து ஒருவரின் பெயருக்கு எப்படிப் போக முடியும்? இதில் உள்ள ஆபத்து என்ன? விரிவாகப் பார்க்கலாம்.

பிரச்னை எவ்வளவு பெரியது?

அமெரிக்காவில் பெயர் தெரியாத பெண் சடலத்தை 'ஜேன் டோ' என்றும், ஆண் சடலத்தை 'ஜான் டோ' என்றும் குறிப்பிடுவது வழக்கம். ஆண்டுக்குச் சுமார் 4,400 சடலங்கள் இப்படி அடையாளம் தெரியாமல் கிடைப்பதாக அந்நாட்டு நீதித்துறையின் ஆய்வு அமைப்பு மதிப்பிட்டுள்ளது. அதில் ஏறத்தாழ 1,000 பேர் யார் என்பது ஒரு வருடம் கழித்தும் தெரிவதில்லை. 2007-ம் ஆண்டிலேயே இந்த நிலைமையைச் 'சத்தமில்லாத பேரழிவு' என அந்த அமைப்பின் இதழ் வர்ணித்தது.

ஏன் இவ்வளவு சிக்கல்? ஒரு மாகாணத்தில் காணாமல் போனவர் இன்னொரு மாகாணத்தில் சடலமாகக் கிடைப்பார். காணவில்லை என்ற புகார் ஒரு ஸ்டேஷனில் இருக்கும், சடலத்தின் ஃபைல் வேறொரு ஊரில் தூங்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆள் இருக்காது. அந்த இடத்தில்தான் இந்தச் சாமானியர்கள் நுழைந்தார்கள்.

எல்லாம் தொடங்கியது எங்கே?

1968 மே மாதம், கென்டக்கி மாகாணத்தின் ஜார்ஜ்டவுன் நகருக்கு அருகே, பச்சை நிறத் தார்ப்பாயில் சுற்றப்பட்ட ஒரு பெண்ணின் சடலம் கிடைத்தது. கூடாரத் துணி போல இருந்ததால் 'டென்ட் கேர்ள்' என்ற பெயர் வந்தது. 16 முதல் 19 வயதுக்குள் இருக்கலாம் என அப்போது கணிக்கப்பட்டது. யாரும் தேடி வரவில்லை. அந்த ஊர் கல்லறையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சடலத்தை முதலில் பார்த்தவரின் மகளைத்தான் பின்னாளில் டாட் மேத்யூஸ் திருமணம் செய்துகொண்டார். டென்னசி மாகாணத்தைச் சேர்ந்த ஃபேக்டரி தொழிலாளி. குழந்தைப் பருவத்திலேயே இரண்டு உடன்பிறப்புகளைப் பறிகொடுத்தவர். தங்களுக்காவது போய் நிற்க ஒரு கல்லறை இருக்கிறது, இந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு அதுவும் இல்லையே என்ற எண்ணம் அவரை விடவே இல்லை.

சுமார் 10 ஆண்டுகள் தேடினார். இன்டர்நெட் வந்த பிறகு, இரவு வேலை முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன் உட்காருவது வழக்கமானது. 1998 ஜனவரியில் ஒரு பதிவு கண்ணில் பட்டது. 1967 இறுதியில் லெக்சிங்டன் நகரில் கடைசியாகக் காணப்பட்ட தன் அக்காவைத் தேடி ஒரு பெண் எழுதியிருந்தார். லெக்சிங்டனும் ஜார்ஜ்டவுனும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்.

கல்லறை தோண்டப்பட்டது, டிஎன்ஏ பரிசோதனை நடந்தது. முடிவு: அதே பெண்தான். அவருக்கு வயது 24, ஒரு குழந்தைக்குத் தாய். டீன் ஏஜ் பெண் என்று நினைத்துத் தேடியதும் இத்தனை வருடத் தாமதத்துக்கு ஒரு காரணம். அவர் கொல்லப்பட்ட வழக்கில் யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனால், 30 ஆண்டுகளுக்குப் பிறகு அவருடைய கல்லறையில் பெயர் ஏறியது.

என்ன செய்கிறார்கள் இவர்கள்?

1999-ல் 'டோ நெட்வொர்க்' என்ற தன்னார்வ அமைப்பு உருவானது. மேத்யூஸும் அதில் முக்கியப் பங்கு வகித்தார். அரசு சார்பில் 'நேம்அஸ்' என்ற தரவுத்தளம் 2007-ல் தொடங்கியது. காணாமல் போனவர்களின் பட்டியலும், அடையாளம் தெரியாத சடலங்களின் பட்டியலும் 2009-ல் இணைக்கப்பட்டன. பொதுமக்களும் இதில் தேடலாம்.

வேலை கேட்க எளிமையாக இருக்கும். உயரம், வயது, பல் அமைப்பு, பச்சை குத்திய அடையாளம், பழைய எலும்பு முறிவு, ஆபரேஷன் தழும்பு, மோதிரம், சட்டையில் உள்ள லேபிள் என ஒவ்வொன்றையும் இரண்டு பட்டியல்களிலும் ஒப்பிட வேண்டும். ஆனால், ஒரு பொருத்தம் கிடைக்கும் முன் நூற்றுக்கணக்கான முகங்களைத் தாண்டிப் போக வேண்டியிருக்கும்.

பொருத்தம் கிடைத்தால் நேராகக் குடும்பத்துக்கு போன் போட்டுவிட முடியாது. டோ நெட்வொர்க்கில் ஒரு குழு முதலில் சரிபார்க்கும். பிறகுதான் போலீஸுக்குப் போகும். கைரேகை, பல் பதிவு, டிஎன்ஏ ஆகியவற்றில் ஒன்று உறுதி செய்த பிறகே அடையாளம் ஏற்கப்படும்.

டிஎன்ஏ வந்ததும் என்ன மாறியது?

போலீஸ் வைத்திருக்கும் டிஎன்ஏ தரவுத்தளம் பெற்றோர், பிள்ளை போன்ற மிக நெருங்கிய உறவுகளைத்தான் காட்டும். அங்கே பொருத்தம் இல்லை என்றால் கதை முடிந்தது. ஆனால், மரபணு வம்சாவளி முறை லட்சக்கணக்கான புள்ளிகளை ஒப்பிடுகிறது. இதனால் எள்ளுத் தாத்தா ஒருவரே என்ற அளவுக்குத் தூரத்து உறவினரையும் பிடித்துவிடலாம். அப்படிப்பட்டவர்களிடம் பொதுவாக இருக்கும் டிஎன்ஏ சராசரியாக 1 சதவீதம்கூட இருக்காது.

அந்த உறவினரிலிருந்து மேலே போய் முன்னோரைக் கண்டுபிடித்து, பிறகு அவர்களின் வாரிசுகள் வழியாகக் கீழே இறங்கி, 'இந்தக் குடும்பத்தில் காணாமல் போனது யார்?' என்று தேடுவார்கள். பிறப்புச் சான்று, திருமணப் பதிவு, இரங்கல் செய்தி எல்லாம் இதற்கு உதவும்.

2017-ல் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக், மார்கரெட் பிரஸ் இருவரும் 'டிஎன்ஏ டோ புராஜெக்ட்' அமைப்பைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே பெரிய வெற்றி கிடைத்தது. 1981-ல் ஓஹியோவில் மான் தோல் ஜாக்கெட்டுடன் சடலமாகக் கிடைத்த 'பக்ஸ்கின் கேர்ள்' யார் என்பது 37 ஆண்டுகளுக்குப் பிறகு தெரிந்தது. மகள் என்றாவது திரும்பி வருவாள் என்று, அவரது தாய் அதுவரை வீட்டையும் மாற்றவில்லை, போன் நம்பரையும் மாற்றவில்லை.

அப்போ இதில் பிரச்னையே இல்லையா?

இருக்கிறது. முதலாவது, தவறான ஆளைக் காட்டுவது. 2013 பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணையத்தில் துப்பு துலக்கியவர்கள் காணாமல் போயிருந்த ஒரு கல்லூரி மாணவரைக் குற்றவாளி என்று பரப்பினார்கள். அவருக்கும் சம்பவத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பின்னர் அவர் சடலமாக மீட்கப்பட்டார். மகனைத் தேடிக்கொண்டிருந்த குடும்பம் அந்த நாட்களில் வசைகளையும் சேர்த்துச் சந்தித்தது.

இரண்டாவது, தனியுரிமை. வம்சாவளி தெரிந்துகொள்ள ஒருவர் தரும் டிஎன்ஏ, அவரது சொந்தக்காரர்கள் அத்தனை பேரைப் பற்றியும் பேசும். அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்க மாட்டார்கள். 'ஜெட்மேட்ச்' தளம் 2019 மே மாதம் விதியை மாற்றி, பயனர் தானே சம்மதித்தால்தான் போலீஸ் ஒப்பீட்டுக்குத் தரவு போகும் என்றது. அதனால் அடையாளம் காணும் வேலையும் பின்னடைவைச் சந்தித்தது.

மூன்றாவது, கிடைக்கும் பதில் எல்லோருக்கும் பிடித்ததாக இருக்காது. 2018-ல் ஃபுளோரிடா காட்டுப் பகுதியில் கூடாரத்துக்குள் ஒரு மலையேற்றப் பயணி இறந்து கிடந்தார். செல்போன் இல்லை, அடையாள அட்டை இல்லை. வழியில் சந்தித்தவர்களுக்கு 'மோஸ்ட்லி ஹார்ம்லெஸ்' என்ற பட்டப்பெயர் மட்டுமே தெரியும். அவர் மீது பரிதாபப்பட்ட மக்கள் டிஎன்ஏ பரிசோதனைக்கு நிதி திரட்டினார்கள். 2021 ஜனவரியில் பெயர் உறுதியானது. அதன் பிறகு, முன்பு அவருடன் வாழ்ந்தவர்கள் அவரால் பட்ட துன்பங்களைச் சொன்னபோது தேடியவர்களில் பலர் அதிர்ந்து போனார்கள்.

பெயர் தெரிந்தால் உலகத்துக்குச் சொல்ல வேண்டுமா?

கட்டாயமில்லை. 2001-ல் வாஷிங்டன் மாகாணத்தின் ஒரு விடுதியில் 'லைல் ஸ்டெவிக்' என்ற பொய்ப் பெயரில் தங்கிய இளைஞர் உயிரை மாய்த்துக்கொண்டார். 2018-ல் அவர் யார் என்பது தெரிந்தது. மகன் எங்கோ உயிரோடு இருக்கிறான், தங்களுடன் பேசத்தான் விரும்பவில்லை என்று குடும்பம் அதுவரை நம்பியிருந்தது. உண்மைப் பெயரை வெளியிட வேண்டாம் என அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

17 ஆண்டுகளாகத் தேடியவர்களுக்கு அந்தப் பெயர் அதிகாரப்பூர்வமாகச் சொல்லப்படவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிட்டது, வழக்கும் முடிந்துவிட்டது.