விக்கிற பட்டன் ஏன் இல்ல? யூசி, முட்டை, ஈமு

இன்னைக்கு எபிசோடுக்குக் காரணம் என் சித்தி பையன். ராசிபுரத்துல இருக்கான், டிப்ளமோ ரெண்டாவது வருஷம். பள்ளிக்கூடத்துல பப்ஜி ஆட ஆரம்பிச்சவன், இப்போ பிஜிஎம்ஐ. பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ என்னைத் தனியா மொட்டை மாடிக்குக் கூட்டிட்டுப் போனான்.

விஷயம் இதுதான். படிப்பைப் பார்க்கணும்னு சொல்லி, தன்னோட ஐடியை விக்க முடிவு பண்ணியிருக்கான். ஜிபே ஹிஸ்டரியைக் கூட்டிப் பார்த்தா நாலு வருஷத்துல அந்த ஐடிக்குள்ள போன காசு 14,300 ரூபாய். டெலிகிராம் குரூப்ல ஒருத்தர் 5,000-க்குக் கேட்டிருக்கார். 1,000 அட்வான்ஸ் வந்ததும் இவன் லாகினைக் கொடுத்துட்டான். அவ்ளோதான். ஆளையும் காணோம், மீதி 4,000-ஐயும் காணோம். சித்தப்பா லாரி டிரைவர். அவருக்குத் தெரியாது.

திட்டலாம்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவன் கேட்டான்: "அண்ணா, கேம்ல வாங்குறதுக்கு எங்க பார்த்தாலும் பட்டன் இருக்கு. விக்கிறதுக்கு ஒரு பட்டன் வச்சா என்ன? நான் எதுக்கு டெலிகிராமுக்குப் போகப் போறேன்?"

"சர்வர் அவங்களோடதுடா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். பெங்களூரு பஸ்ல வர்றப்போதான் தோணுச்சு, அது பதிலே இல்ல. அதனால இந்த எபிசோட்.

முதல்ல அடிப்படை. பெரும்பாலான ஆன்லைன் கேம்கள்ல ரெண்டு வகை காசு இருக்கும். ஒண்ணு ஆடி சம்பாதிக்கிறது, பிஜிஎம்ஐ-ல பிபி மாதிரி. இன்னொண்ணு ரூபாய் கொடுத்து வாங்குறது, அதுதான் யூசி. ஃப்ரீ ஃபயர்ல டைமண்ட். ஆடிச் சேர்த்த பிபி-யை யூசியா மாத்த முடியாது. நல்ல சட்டை, துப்பாக்கி ஸ்கின் எல்லாம் யூசி பக்கம்தான் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்குன்னு வச்சுக்கோங்க. இந்தச் சுவருக்குத் திரும்ப வருவோம்.

அதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு. 2021-ல் ராயல் பாஸ் மாசாமாசம்னு ஆனப்போ விலை 360 யூசி. கடையில இருந்த பேக் 60, அடுத்தது 300 பிளஸ் 25, அதாவது 325. பாஸ் வாங்க 35 குறையுது. அதனால 60 பேக் ஒண்ணு சேர்த்து வாங்கணும். மொத்தம் 385, மிச்சம் 25. அந்த 25-ஐ வச்சு உருப்படியா எதுவும் வாங்க முடியாது, திருப்பிக் கொடுத்துக் காசாக்கவும் முடியாது. டவுன் பஸ்ல கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பின்னாடி பாக்கியை எழுதிக் கொடுப்பார்ல, அந்த மாதிரி. ஆனா இறங்குறப்போ வாங்கிக்க முடியாத பாக்கி. இன்னும் கொஞ்சம் டிக்கெட் எடுத்தாதான் கழியும். நானும் சாஃப்ட்வேர்ல இருக்கேன். இது தற்செயலா அமைஞ்ச நம்பர்னு நான் நம்ப மாட்டேன்.

இப்போ சுவர். கேம்ல காசு எங்கிருந்து வருது? ஒரு மேட்ச் ஆடினா, ஒரு மிருகத்தைக் கொன்னா, சர்வர் புதுசா காசு அடிச்சுக் கொடுக்குது. குழாய் திறந்தே இருக்கு. வடிகால் இல்லைன்னா ஒவ்வொரு காசும் மதிப்பிழந்துகிட்டே போகும். ஈவ் ஆன்லைன் கம்பெனி 2007-லயே இதைக் கவனிக்க ஒரு பொருளாதார நிபுணரை வேலைக்கு வச்சது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் 2021 டிசம்பர்ல சந்தை விற்பனைக்கு 1 சதவீத வரி போட்டு, அந்தக் காசுல ஒரு பகுதியை வச்சு சந்தைல இருக்கிற பொருட்களை வாங்கி அழிச்சது.

நாமக்கல்காரங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கோழி தினமும் முட்டை போடும், விலை குறைஞ்சிருக்குன்னு சொன்னா நிறுத்தாது. புரட்டாசியில ஜனங்க முட்டையைத் தொடாதப்போ என்னெக் விலை இறங்கும். அப்போ பண்ணைக்காரர் என்ன செய்வார்? வயசான முட்டைக்கோழிகளை இறைச்சிக்கு வித்து எண்ணிக்கையைக் குறைப்பார். அதுதான் வடிகால்.

சரி, இந்தக் குழாய்க்குப் பக்கத்துல விக்கிற பட்டனையும் வச்சா என்ன ஆகும்? ஒருத்தர் வச்சுப் பார்த்துட்டார். ஆக்ஸி இன்ஃபினிட்டின்னு ஒரு கேம். ஆடினா எஸ்எல்பின்னு ஒரு டோக்கன் கிடைக்கும், அதை எக்ஸ்சேஞ்ச்ல வித்து நிஜக் காசாக்கலாம். 2021-ல் பிலிப்பைன்ஸ்ல வேலை போன நிறைய பேர் இதை ஆடித்தான் வீட்டுச் செலவைப் பார்த்தாங்க. அந்த ஜூலையில ஒரு எஸ்எல்பி 30 சென்ட்டுக்கு மேல போச்சு. 2022 நடுவுல ஒரு சென்ட் கூட இல்ல.

ஏன்? எஸ்எல்பி-க்கு இருந்த முக்கியமான ஒரே வடிகால், ரெண்டு ஆக்ஸியைச் சேர்த்துப் புதுக் குட்டி ஆக்ஸி உருவாக்குறது. அந்தக் குட்டியை யார் வாங்குவா? புதுசா ஆட வர்றவங்க. புது ஆள் வர்ற வரைக்கும் வடிகால் ஓடுச்சு. நின்னதும் அடைச்சுக்கிச்சு. குழாய் மட்டும் ஓடிக்கிட்டே இருந்தது.

எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கா? 2012 ஆகஸ்ட், பெருந்துறை, ஈமு கோழி. நம்ம சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் அதுல காசு போட்ட குடும்பம் ஒண்ணாவது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஈமு கறியை யாரும் பெருசா சாப்பிடல. ஈமுக் குஞ்சை வாங்குனது அடுத்து பண்ணை வைக்க வந்தவர்தான். ஆக்ஸியை உருவாக்குனவங்க ஏமாத்தணும்னு நினைச்சாங்கன்னு நான் சொல்லல. கணக்கு ஒண்ணுதான்னு சொல்றேன்.

ஆக, பிஜிஎம்ஐ-ல அந்தப் பட்டனை வச்சா அடுத்த வாரமே ஒரு ரூம்ல 200 போனை வரிசையா வச்சு பாட்டை ஆட விட்டுடுவாங்க. சும்மா ஆடுற உங்களுக்கு அங்க இடமே இருக்காது. இது பாதி பதில்.

மீதி பாதி சட்டம். நான் வக்கீல் இல்ல, படிச்சதைச் சொல்றேன். தமிழ்நாட்டுல 2022-லயே தனிச் சட்டம் வந்தது. 2025 பிப்ரவரி விதிகள்படி காசு வச்சு ஆடுற ஆன்லைன் கேம்கள்ல ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை லாகின் பண்ணவே கூடாது. அந்த ஜூன்ல சென்னை உயர் நீதிமன்றமும் அதைச் செல்லும்னு சொல்லிடுச்சு. அடுத்து 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட் ஒரு சட்டம் போட்டது. காசோ பந்தயமோ கட்டி, காசு திரும்ப வரும்னு எதிர்பார்த்து ஆடுறது திறமை ஆட்டமா இருந்தாலும் சரி, அதிர்ஷ்ட ஆட்டமா இருந்தாலும் சரி, நடத்தக் கூடாது. மீறி நடத்துனா 3 வருஷம் வரை சிறை, 1 கோடி வரை அபராதம். ட்ரீம்11 உடனே காசு ஆட்டத்தை நிறுத்துனது இதனாலதான். அந்தச் சட்டத்துல "பந்தயம்"ங்கிறதுக்குள்ள காசா மாத்தக்கூடிய காயின், டோக்கன் எல்லாம் அடங்கும்.

கவனிச்சீங்களா? காசா மாத்தக்கூடிய. யூசி-க்கு விக்கிற பட்டன் வந்த நிமிஷமே பிஜிஎம்ஐ ரம்மி பக்கத்துல போய் உட்கார வேண்டியிருக்கும். காசு உள்ளே மட்டும் போற ஒருவழிக் கதவுதான் அதைக் காப்பாத்துது. என் தம்பிக்கு எரிச்சல் தர்ற அதே கதவு.

அதுக்காக அந்தக் கதவு நியாயமானதுன்னு சொல்லிட மாட்டேன். லக்கி ஸ்பின்ல யூசியைப் போட்டுச் சுத்துறப்போ மனசு படுற பாடு சூதாட்டத்துல படுற பாடுதான். பெல்ஜியம் 2018-லயே லூட் பாக்ஸைச் சூதாட்டம்னு சொல்லிடுச்சு. அப்புறம், 2021-ல் பிஜிஎம்ஐ வந்தப்போ 18 வயசுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு ஒரு செலவு வரம்பு வச்சாங்க. நாளைக்கு 7,000 ரூபாய். மாசத்துக்கு இல்ல, ஒரு நாளைக்கு. அந்த வருஷம் தமிழ்நாட்டுல நூறு நாள் வேலைக் கூலி 273 ரூபாய். 25 நாள் கூலிக்கும் மேல ஒரு பையன் ஒரே நாள்ல செலவு பண்ணலாம்னு சொல்றதை எப்படிப் பாதுகாப்புன்னு சொல்றது?

இன்னொண்ணு, அந்த ஐடி உங்களோடதும் இல்ல. உங்களுக்குக் கிடைச்சிருக்கிறது ஆடுறதுக்கான அனுமதி மட்டும்தான். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜிக்குத் தடை வந்தது, அக்டோபர் 30-ல் சர்வரும் போச்சு. அடுத்த ஜூலையில பிஜிஎம்ஐ வந்து பழைய ஸ்கின்னை மாத்திக்கலாம்னு சொன்னாங்க, அந்த டிசம்பரோட அதுவும் முடிஞ்சது. 2022 ஜூலையில பிஜிஎம்ஐ-யும் கடையை விட்டுப் போய் 2023 மே மாசம்தான் திரும்ப வந்தது. விக்க முடியுற இடத்துலயும் நிலைமை ஏறக்குறைய இதுதான். கவுன்ட்டர் ஸ்டிரைக்ல ஸ்கின்னை ஸ்டீம் சந்தையில விக்கலாம். 15 சதவீதம் அவங்க எடுத்துப்பாங்க, மீதி ஸ்டீம் வாலெட்லயே கிடக்கும். 2025 அக்டோபர்ல ஒரே ஒரு அப்டேட். அஞ்சு சிவப்பு ரக ஸ்கின்னைக் கொடுத்தா ஒரு கத்தி எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. லட்சக்கணக்குல விலை போன கத்தி ஸ்கின்களோட விலை ஒரே நாள்ல சரிஞ்சது. யார்கிட்ட போய்க் கேக்குறது?

இதையெல்லாம் தம்பிக்கு போன்ல சொன்னேன். 1930-க்கு கூப்பிட்டுப் புகார் கொடுடான்னேன், அது சைபர் மோசடிக்கான ஹெல்ப்லைன். ஐடி விக்கிறது கேம் விதிக்கே எதிரானது, அதனால கேம் கம்பெனிகிட்ட போய் நிக்க முடியாது. ஆனா ஏமாத்துனவன் ஏமாத்துனவன்தானே. ரெண்டு நாள் யோசிச்சுட்டு சித்தப்பாகிட்ட அவனே சொல்லிட்டான். அவர் பெருசா ஒண்ணும் திட்டலையாம். "அந்தப் பதினாலாயிர ரூபாய்ச் சட்டையை ஒரு தடவை காட்டுடா"ன்னு மட்டும் கேட்டிருக்கார்.

காட்டுறதுக்கு ஐடி கையில இல்ல.