நானுஓயாவிலிருந்து பேராதனைக்கு

நானுஓயாப் புகையிரத நிலையம் கடல் மட்டத்திலிருந்து 5,000 அடிக்கும் மேலான உயரத்தில் உள்ளது. 1885ஆம் ஆண்டில் இருப்புப்பாதை அங்கு வந்து சேர்ந்தது தேயிலைப் பெட்டிகளுக்காகவேயன்றி மாணவர்களுக்காக அன்று. ஆயினும் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் கம்பளியையும் பெட்டியையும் சுமந்துகொண்டு, அந்தப் பாதை வழியாகவே பேராதனைக்கு இறங்கிச் சென்றிருக்கின்றனர்.

எங்கள் அயல் தோட்டத்து இளைஞன் ஒருவனும் சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றான். விஞ்ஞான பீடத்தில் இடம் கிடைத்திருந்தது. அவனுடைய லயத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த முதற்பிள்ளை அவனே. ஊரே கூடி வழியனுப்பியது. அந்த மகிழ்ச்சியே பின்னர் அவனுக்குப் பெருஞ்சுமையாயிற்று.

உயர்தரம் வரை தமிழிற் பயின்றவனுக்கு விரிவுரைகள் ஆங்கிலத்தில் நடந்தன. எழுதி முடிப்பதற்குள் பலகை அழிந்துவிடும். இதைவிட அவனை வாட்டியது வேறொன்று. நுவரெலியா பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படுவதால், அனுமதியில் அதற்குத் தனி ஒதுக்கீடு உண்டு. 'மாவட்டக் கோட்டாவில் வந்தவன்' என்று எவனோ விளையாட்டாகச் சொன்னது அவன் நெஞ்சில் தைத்துவிட்டது. நல்ல ஆய்வுகூடமும் ஆசிரியரும் வாய்த்த பிள்ளையும், அவை வாய்க்காத பிள்ளையும் ஒரே வினாத்தாளுக்கே விடை எழுதுகின்றனர் என்பதைச் சொன்னவனும் எண்ணவில்லை, கேட்டவனும் எண்ணவில்லை.

ஆறாவது வாரம், ஒரு புதன்கிழமை, அவன் பெட்டியுடன் வீடு திரும்பினான்.

"என்ன தம்பி, லீவா?" என்றாள் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த தாய்.

"ஆமாம்மா."

நான்கு நாட்கள் அந்தப் பொய் நின்றது. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிடலாமென்று அவன் உள்ளூர முடிவு செய்திருந்தான். ஐந்தாம் நாள் தந்தை கேட்டார்: "அங்கே யாருகிட்டயாவது கேட்டுப் பார்த்தியா?"

அவன் யாரிடமும் கேட்கவில்லை. விரிவுரையாளரிடமோ, மூத்த மாணவரிடமோ, அறைத் தோழனிடமோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. தனக்கு மட்டுமே விளங்கவில்லை என்று நம்பி வாய் மூடியிருந்தான். முதலாண்டில் மாணவரை வருத்துவது பாடத்தின் கடினத்தைவிட இந்த மௌனமே என்பது என் எண்ணம்.

மறுநாள் திரும்பிச் சென்றவன், தலவாக்கலையைச் சேர்ந்த மூத்த மாணவி ஒருவரைத் தேடிப் போய், "அக்கா, எனக்கு ஒன்றும் விளங்கவில்லை" என்றான். அவர் சிரித்தாராம், தாமும் அப்படித்தான் இருந்ததாகக் கூறித் தம் பழைய குறிப்புகளைக் கொடுத்தாராம். இலங்கை மாணவரிடையே 'குப்பி' என்றொரு வழக்கம் உண்டு. தெரிந்தவர் தெரியாதவருக்கு மாலை வேளையில் பாடம் சொல்லிக் கொடுப்பது அது. அவ்வாறான ஒரு குப்பியில் அவனும் சேர்ந்தான். அன்றன்று கேட்ட புதுச் சொற்களை ஒரு கொப்பியில் தமிழ்ப் பொருளுடன் எழுதி வைத்தான். முழுவதையும் ஒரே இரவில் விளங்கிக்கொள்ளும் ஆசையையும் விட்டான். முதலாண்டு முடிவில் ஒரு பாடத்திற் சித்தியெய்தவில்லை. மறுமுறை எழுதித் தேறினான்.

பேராதனையில் அருணாசலம் பெயரால் ஒரு விடுதி உண்டு. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இல் சங்கம் அமைத்துப் போராடிய சேர். பொன்னம்பலம் அருணாசலமே 1919இல் தொழிலாளர் நலனுக்காகவும் ஒரு சங்கம் கண்டவர். தோட்டத்துப் பிள்ளை அவ்விடத்தில் அந்நியன் என்று எவர் சொல்ல முடியும்?

பகிடிவதையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றமாகும். பொறுத்துக்கொள்வது மரபு என்று எவரேனும் உபதேசித்தால் நம்பவேண்டாம்.

பெற்றோரே, மகாபொல உபகாரநிதி 1981 முதல் எத்தனையோ ஏழை மாணவரைத் தாங்கி வந்திருக்கிறது. எனினும் அது கைக்கு வரும்வரை முதற் சில மாதச் செலவுக்கு ஏதேனும் ஒதுக்கி வையுங்கள். தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் புள்ளிகளைக் கேளாதீர்கள். சாப்பிட்டாயா, யாரோடு பழகுகிறாய் என்று கேளுங்கள்.

சென்ற விடுமுறையில் அவன் வீட்டுப் பக்கம் போயிருந்தேன். உயர்தரம் படிக்கும் நான்கு பிள்ளைகளுக்கு அவன் இரசாயனவியல் சொல்லிக்கொண்டிருந்தான். இதற்கு ஏன் குப்பி என்று பெயர் என ஒரு சிறுமி கேட்டாள். அடுப்பருகே குளிர் காய்ந்துகொண்டிருந்த பாட்டிதான், மின்சாரம் வருவதற்கு முன் அந்த லயத்தில் எரிந்த குப்பி விளக்கைப் பற்றி அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள்.