தோற்றாலும் அடுத்த கிழமை ஆட்டம் உண்டு

அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை. வன்னிக் கிராமமொன்றின் சனசமூக நிலையத்தில் சிறுவர் உதைபந்தாட்ட லீக்கிற்கான பதிவு நடந்துகொண்டிருந்தது. 10 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு கொப்பி, 12 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு கொப்பி. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழின் பிரதி, ஒரு புகைப்படம். இவ்வளவுதான் கேட்டார்கள்.

மாதர் சங்க அலுவலாக நானும் அங்கே போயிருந்தேன். வாசலடியில் ஓர் இளந்தாய் ஒதுங்கி நின்றார். கையில் மகனின் பிறப்புச் சான்றிதழ். அதை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

"என்ன தங்கச்சி, உள்ள வரேல்லையே?"

"வரத்தான் வந்தனான் அக்கா. பேரைக் குடுக்கத்தான் மனம் வருகுதில்லை."

"ஏன்?"

"பிள்ளையளின்ரை பேரும் வயசும் எழுதுற கொப்பியெண்டாலே எனக்கு நெஞ்சு பதறுது. அவன் ஒரு மாதமா இதே கதைதான் கதைக்கிறான். ஆனா எனக்குப் பயமாக் கிடக்கு."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது அவருக்கு 13 வயது. வயதையும் பெயரையும் மறைத்து, பிள்ளைகளைப் பங்கருக்குள்ளும் உறவினர் வீடுகளிலும் ஒளித்துவைத்த காலத்தில் ஒளிக்கப்பட்ட பிள்ளைகளில் அவரும் ஒருவர். ஓடி விளையாட வேண்டிய வயதில் ஊர் ஊராக இடம்பெயர்ந்து, பின்னர் செட்டிகுளத்து முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர். இன்று அவருக்கு 9 வயதில் ஒரு மகன் இருக்கின்றான். அவன் கேட்பதெல்லாம் ஒரு பந்தும் பத்துக் கூட்டாளிகளும்தான்.

இந்தத் தாயைப் போன்றவர்கள் எம்மிடையே பலர் இருக்கின்றோம். ஆகவே பிள்ளைகளை உதைபந்தாட்ட லீக்கில் ஏன் சேர்க்க வேண்டும் என்பதையும், சேர்க்குமுன் எதைக் கேட்க வேண்டும் என்பதையும் ஒன்றாகவே பார்ப்போம்.

பயம் பிழையல்ல, கேள்வி கேட்பது உரிமை

பயப்படும் தாயை "இன்னும் பழசையே நினைச்சுக்கொண்டிருக்கிறா" என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியல்ல. அந்தப் பயம்தான் அன்று பல பிள்ளைகளைக் காப்பாற்றியது. இன்று அந்தப் பயத்தைக் கேள்வியாக மாற்ற வேண்டும். பதிவு செய்பவர்களிடம் தயங்காமல் கேளுங்கள்:

இந்த விபரங்கள் யாரிடம் இருக்கும்? வயதைச் சரிபார்ப்பதற்கு மட்டும்தானா? பயிற்றுநர் யார், எந்தக் கழகத்தை அல்லது பாடசாலையைச் சேர்ந்தவர்? பயிற்சி எத்தனை மணிக்கு முடியும்? வெளியூர் ஆட்டங்களுக்குப் பிள்ளைகளை எந்த வாகனத்தில், யார் கூட்டிச் செல்வார்கள்? பெற்றோர் எந்த நேரமும் மைதானத்துக்கு வரலாமா?

கடைசிக் கேள்விதான் முக்கியமானது. "வரலாம்" என்று முகம் சுளிக்காமல் சொல்கின்ற இடத்தில் பிள்ளையை விடலாம். பெற்றோர் வருவதை விரும்பாத பயிற்றுநரிடம், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பிள்ளையை விடவேண்டாம். ஒரு பிள்ளையை மட்டும் தனியே நிறுத்திவைப்பது, தனியே தொலைபேசியில் செய்தி அனுப்புவது, பரிசு கொடுத்து "வீட்டில சொல்லாதை" என்பது போன்றவற்றைக் கண்டால் உடனே விசாரியுங்கள். சிறுவர் பாதுகாப்புக்கான 1929 என்ற இலக்கத்தை எல்லாத் தாய்மாரும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

லீக் என்றால் என்ன?

கோயில் திருவிழாவுக்கோ சித்திரைப் புத்தாண்டுக்கோ எமது ஊர்களில் நடக்கும் சுற்றுப்போட்டிகள் பெரும்பாலும் விலகல் முறையிலானவை. தோற்ற அணி வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 8 அணிகள் வந்தால் 4 அணிகள் முதல் ஆட்டத்துடனேயே வெளியேறிவிடும். மாதக்கணக்காகக் காத்திருந்த பிள்ளை ஒரே ஒரு ஆட்டத்துடன் அழுதுகொண்டு திரும்பும்.

லீக் அப்படியல்ல. ஒவ்வொரு அணியும் மற்ற எல்லா அணிகளுடனும் விளையாடும். அதே 8 அணிகள் என்றால் ஒவ்வோர் அணிக்கும் 7 ஆட்டங்கள். வென்றால் 3 புள்ளிகள், சமநிலை என்றால் 1 புள்ளி, தோற்றால் புள்ளி இல்லை. ஆனால் தோற்றாலும் அடுத்த கிழமை ஆட்டம் உண்டு.

எமது வீடுகளில் இழப்பு என்றால் அது திரும்பி வராத இழப்பு. வீடு, காணி, உறவு என்று ஒன்றின்பின் ஒன்றாகப் போனதைத்தான் நாம் கண்டோம். அதனால் சிறிய தோல்விக்கும் நாம் பெரிதாகக் கலங்குகின்றோம். பிள்ளை புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைத் தாண்டாவிட்டால் வீட்டில் செத்தவீடு போலிருக்கும். பிள்ளைகளும் அதைப் பார்த்தே பழகுகின்றார்கள். தோற்பது ஒரு நாளோடு முடிகின்ற விடயம், மறுநாள் பயிற்சிக்குப் போகலாம், பிழையைத் திருத்தலாம் என்பதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைக்கு விளங்காது. ஒரு பருவகாலம் முழுவதும் விளையாடினால் விளங்கும். உதைபந்தாட்ட லீக்கில் பிள்ளையைச் சேர்ப்பதற்கு நான் சொல்லும் முதற் காரணம் இதுதான்.

உடலும் பின்னேரமும்

5 வயது முதல் 17 வயது வரையான பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்க உடலை இயக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகின்றது. ஓட்டம், திடீர் நிறுத்தம், திருப்பம், பாய்ச்சல் என எல்லாம் உதைபந்தாட்டத்தில் இருக்கின்றன. இருதயமும் எலும்பும் தசையும் வலுவடையும். நன்றாக ஓடிக் களைத்த பிள்ளை பசித்துச் சாப்பிட்டு நேரத்துக்கு நித்திரை கொள்ளும்.

மற்றது, பின்னேரம் 4 மணியிலிருந்து 6 மணி வரையான நேரம். கூலி வேலைக்கும், தையல் வேலைக்கும், கடற்கரைக்கும் போன தாய் வீடு திரும்பாத நேரம் அது. அந்த நேரத்தில்தான் பிள்ளை கைத்தொலைபேசிக்குள் மூழ்குகின்றது. பெரிய பெடியன்களின் கூட்டத்தில் போய் நிற்கின்றது. வடக்கில் போதைப்பொருள் பாடசாலை வாசல்வரை வந்துவிட்டதென்று நாமெல்லாம் கவலைப்படுகின்றோம். விளையாட்டு மட்டும் அதைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், "இண்டைக்கு ஏன் பயிற்சிக்கு வரேல்லை?" என்று கேட்க ஒரு பயிற்றுநரும் பத்துக் கூட்டாளிகளும் உள்ள பிள்ளை, கேட்க ஒருவருமில்லாத பிள்ளையைவிடப் பாதுகாப்பாக இருக்கும்.

படிப்புக் கெட்டுவிடுமா?

"விளையாட்டு சோறு போடுமோ?" என்பது அம்மம்மாமாரின் கேள்வி. ரியூசன், மாதிரி வினாத்தாள், மீண்டும் ரியூசன் என்று ஓடும் பிள்ளைக்கு மைதானம் நேரத்தை வீணாக்கும் இடமாகத் தெரியலாம். கிழமைக்கு இரண்டு நாள் பயிற்சி, ஒரு நாள் ஆட்டம் என்றால் மொத்தம் நாலைந்து மணித்தியாலம்தான். தொலைக்காட்சிக்கும் தொலைபேசிக்கும் போகும் நேரத்தில் இதை எடுத்துவிடலாம். பயிற்சி நாட்களைக் காட்டி, "வீட்டுப்பாடம் முடிச்சால்தான் மைதானம்" என்று ஒரு ஒழுங்கை வையுங்கள். பிள்ளை தானாகவே நேரத்தைப் பங்கிடப் பழகும்.

பாடசாலை விளையாட்டு, வலய மட்டம், மாகாண மட்டம், அகில இலங்கை மட்டம் எனப் படிப்படியாக உயரக்கூடியது. தேசிய, சர்வதேச மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்கு, உயர்தரத்தில் வேண்டிய ஆகக் குறைந்த தகைமை இருந்தால், பல்கலைக்கழக அனுமதியில் விசேட ஏற்பாடும் உண்டு. ஆனால் அந்த இடத்தை எட்டுவோர் மிகச் சிலரே. அதற்காகவென்று பிள்ளையைச் சேர்க்காதீர்கள். பிள்ளை சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருவதற்காகச் சேருங்கள்.

பெண்பிள்ளைகளும்தான்

"பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்தப் பந்தடி?" என்ற கேள்வி எமது ஊரில் மட்டும் எழுந்ததல்ல. உதைபந்தாட்டத்தின் தாயகம் எனப்படும் இங்கிலாந்திலேயே அந்நாட்டு உதைபந்தாட்டச் சங்கம் 1921 இல் தனது மைதானங்களில் பெண்கள் விளையாடுவதைத் தடைசெய்தது. அத்தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. பெண்களுக்கான முதலாவது உலகக் கிண்ணம் 1991 இல்தான் சீனாவில் நடந்தது. 2023 இல் அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த உலகக் கிண்ணத்தில் 32 நாடுகள் பங்குபற்றின.

தூரத்துக்குப் போக வேண்டியதில்லை. தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவியர் அகில இலங்கைப் பாடசாலைப் போட்டிகளில் பலமுறை வெற்றிவாகை சூடியவர்கள். இடம்பெயர்வையும் போரையும் கண்ட மண்ணிலிருந்து எழுந்தவர்கள் அவர்கள்.

பெண்பிள்ளைகளுக்கான பயிற்சியில் ஒரு பெண் ஆசிரியையாவது பெண் பொறுப்பாளராவது உடனிருக்க வேண்டும். மைதானத்துக்கு அருகில் கதவுள்ள மலசலகூடமும் தண்ணீரும் இருக்கவேண்டும். மாதவிடாய் நாட்களில் விளையாடுவதால் உடலுக்குக் கெடுதல் இல்லை. வயிற்றுநோ கடுமையாக இருந்தால் ஓய்வெடுக்கலாம். அதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

செலவும் காயமும்

தொடக்கத்தில் விலை உயர்ந்த சப்பாத்து வேண்டாம். கால்சட்டை, ஒரு ரீசேட், ஒரு போத்தல் தண்ணீர் போதும். பந்து கழகத்தினுடையது. 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 4 ஆம் அளவுப் பந்துதான் பொருத்தம். பெரியவர்களின் 5 ஆம் அளவுப் பந்தால் சிறு கால்கள் நோகும். அணிகளுக்கிடையே போட்டி ஆட்டங்கள் தொடங்கும்போது முன்கால் எலும்பைக் காக்கும் தடுப்பு அவசியம். சங்கத்தினூடாக நாலைந்து சோடி வாங்கி மாறி மாறிப் பாவிக்கலாம்.

விளையாட்டுக்கு முன் 15, 20 நிமிடம் உடலைச் சூடாக்கும் பயிற்சி செய்யவேண்டும். 7 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்கென உருவாக்கப்பட்ட அத்தகைய பயிற்சியை 4 ஐரோப்பிய நாடுகளில் பரீட்சித்தபோது காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2018 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இதற்குக் காசு செலவில்லை.

தலையில் அடிபட்டுத் தலையிடி, வாந்தி, தடுமாற்றம், மயக்கம் ஏற்பட்டால் ஆட்டத்தை விட்டு உடனே வெளியே எடுத்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அன்று மீண்டும் விளையாட விடக்கூடாது. துருப்பிடித்த தகரமோ ஆணியோ வெட்டினால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். வெயில் நேரத்தில் பயிற்சி வேண்டாம். இடையிடையே தண்ணீர் குடிக்க விடவேண்டும்.

எமது பிரதேசத்துக்கேயுரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். கண்ணிவெடி அகற்றும் வேலை வடக்கில் இன்னும் முற்றாக முடியவில்லை. புதிதாகப் பற்றை வெட்டித் திருத்திய இடமென்றால், அது துப்புரவு செய்து கையளிக்கப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் கேட்டறியுங்கள். அபாயப் பலகை நட்ட காணிக்குள் பந்து போனால், போன பந்து போகட்டும். அடையாளம் தெரியாத இரும்பைக் கண்டால் தொடாமல் பெரியவர்களிடம் சொல்ல வேண்டுமென்று பிள்ளைக்கு ஒவ்வொரு பருவகாலமும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

விளையாட்டால் ஆகாதது

இரவில் அலறி எழும்பும் பிள்ளை, ஒருவருடனும் கதைக்காத பிள்ளை, காரணமின்றி அடித்து நொறுக்கும் பிள்ளை ஆகியோருக்கு மைதானம் உதவலாம். ஆனால் அது மருந்தல்ல. அவர்களை மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. அதேபோல், விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம். ஓவியமோ, கரமோ, கரப்பந்தாட்டமோ அதற்குப் பிடித்ததாக இருக்கலாம்.

விளையாடுவது பிள்ளையின் உரிமையென 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 31 ஆம் உறுப்புரை கூறுகின்றது. இலங்கை அதை 1991 இல் ஏற்றுக்கொண்டது. இன்றைய தாய்மாரில் பலர் பிறந்தது அதற்குப் பின்னர்தான். ஆனால் அந்த உரிமை எமக்குக் கிடைக்கவில்லை. எமது பிள்ளைகளுக்காவது அதைக் கொடுக்கலாம் அல்லவா?

அந்த இளந்தாய் கடைசியில் உள்ளே வந்தார். மேசையடியில் இருந்த பொறுப்பாளரிடம், "இந்தக் கொப்பி ஆரிட்டை இருக்கும்?" என்று கேட்டார். "கழகச் செயலாளரிட்டை. லீக் முடிய நீங்களே வந்து பிரதியையும் படத்தையும் திருப்பி வாங்கலாம்" என்றார் அவர். "நான் ஒவ்வொரு நாளும் மைதானத்துக்கு வருவன்" என்றார் தாய். "வாங்கோ, கதிரை போட்டுவிடுறம்" என்று பதில் வந்தது. அதன் பிறகே மகனின் பெயரைச் சொன்னார்.

முதல் ஆட்டத்தில் அந்தச் சின்னவனின் அணி 5 கோல்களால் தோற்றது. நான் மைதான ஓரத்தில் தாய்க்குப் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் முகம் கறுத்துப்போயிருந்தது. மகன் முழங்கால் எல்லாம் புழுதியோடு ஓடிவந்து தண்ணீர்ப் போத்தலைப் பறித்துக் குடித்துவிட்டுக் கேட்டான்:

"அம்மா, அடுத்த கிழமை எங்களுக்கு ஆரோட மட்ச்?"