கிட்டாருக்குள் தண்ணீர்

ஐப்பசியில் சாத்த மறுக்கும் வாசல் கதவு பங்குனியில் யாரும் தொடாமலே சரியாகிவிடும். கரையான்சாவடியில் பழைய மரக்கதவு உள்ள வீட்டில் குடியிருப்பவர் எல்லோருக்கும் இது தெரியும். அந்தக் கதவு ஏன் அப்படிச் செய்கிறது என்று தெரிந்தவருக்கு, எலெக்ட்ரிக் கிட்டார் செய்வதில் பாதி தெரிந்த மாதிரிதான்.

சொந்தக் கையால் கிட்டார் செய்துபார்க்கும் ஆசை இன்று பலருக்கு வருகிறது. கார் நிற்கும் இடத்தில் ஒரு மேசை, ஒரு ரூட்டர், சில அரங்கள், பொறுமை. இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம். வரைபடங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை, காற்றின் ஈரப்பதத்தை 45 முதல் 50 சதவீதத்துக்குள் நிறுத்திவைக்கும் மேலைநாட்டுப் பட்டறைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நமக்கோ கிழக்கே இருபது கிலோமீட்டர் தாண்டினால் கடல், மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி. மழைக்காலத்தில் இங்கே காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். கிட்டாரின் மற்ற அளவுகள் எல்லா ஊருக்கும் பொது. இந்த ஒரு அளவை மட்டும் நம் ஊருக்கென்று நாமே போட்டாக வேண்டும்.

வெட்டிப் பலகையாக்கி எத்தனை வருடம் ஆனாலும் மரம் காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டேதான் இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக இருந்தால், மரத்துக்குள் தங்கும் நீர் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம். காற்று 75 சதவீதத்துக்கு ஏறினால் மரம் 14 சதவீதத்தை நெருங்கும். இந்த நீர் மரத்தின் செல் சுவர்களுக்குள் போய் உட்காருகிறது, சுவர் தடிக்கிறது, பலகை அகலமாகிறது. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் மிகமிகக் குறைவு, குறுக்குவாக்கில்தான் அதிகம். கிட்டார் செய்பவருக்கு இந்த ஓரவஞ்சனை ஒரு பெரிய வரம். ஏன் என்று பார்க்க, மெட்டுகளின் கணக்குக்குப் போக வேண்டும்.

வீணையில் மெட்டு என்று சொல்வதைத்தான் கிட்டாரில் ஃபிரெட் என்கிறார்கள். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பிரித்தால், ஒவ்வொரு சுரத்தின் அதிர்வெண்ணும் முந்தையதைப்போல் 1.05946 மடங்கு. கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் மெட்டின் இடம் வரும். மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது. ஃபெண்டர் கிட்டார்களின் கம்பி நீளமான 648 மில்லிமீட்டரை எடுத்துக்கொண்டால் முதல் மெட்டு 36.4 மில்லிமீட்டரில் விழும், பன்னிரண்டாவது மிகச் சரியாகப் பாதியில், 324இல். விஞ்ஞானி கலிலியோவின் தந்தை வின்சென்ஸோ கலிலேயி ஒரு லூட் வாத்தியக்காரர். 1581இல் அவர் இந்த வகுத்தலுக்கு 18 என்ற முழு எண்ணைப் பரிந்துரைத்தார். 18ஐ வைத்துக் கணக்குப் போட்டால் பன்னிரண்டாவது மெட்டு இருக்க வேண்டிய இடத்துக்கு 2.4 மில்லிமீட்டர் முன்பே வந்துவிடும். சுரம் சற்றுத் தாழும். ஆனால் விரலால் அழுத்தும்போது கம்பி கொஞ்சம் இறுகிச் சுரம் ஏறுமல்லவா, அது அந்தத் தாழ்வில் பெரும்பகுதியை ஈடுகட்டியது. கையாலும் காதாலும் வேலை செய்த ஒருவருக்குத்தான் இப்படி ஒரு எண் அகப்படும்.

மெட்டுகளின் இடைவெளி முழுக்க நீளவாக்கில்தான் இருக்கிறது. அதனால் கரையான்சாவடியில் எவ்வளவு மழை பெய்தாலும் அந்தக் கணக்கு கலையாது. கலைவது அகலம். மெட்டுகளைப் பதிக்கும் விரல்பலகைக்கு உலகமே விரும்பும் மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். 56 மில்லிமீட்டர் அகலமுள்ள ஈட்டிப் பலகையின் ஈரம் 14இலிருந்து 10 சதவீதத்துக்கு இறங்கினால், அறுத்த வாக்கைப் பொறுத்து, அது 0.2 முதல் 0.4 மில்லிமீட்டர் வரை சுருங்கும். மெட்டுக் கம்பியோ செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், ஈரத்துக்குச் சுருங்காது. ஆகவே பலகையின் இரு ஓரத்திலும் மெட்டு முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். கார்த்திகை மாதம் மொட்டை மாடியில் செய்து முடித்த கிட்டாரைக் கொண்டுபோய் ஏசி அறையில் மாட்டிவையுங்கள். சில வாரங்களில் கழுத்தின் ஓரம் உள்ளங்கையைக் கீறும். தலைமுடித் தடிமனுக்கு இரண்டு மூன்று மடங்குதான், ஆனால் கை உடனே கண்டுபிடித்துவிடும்.

அறுத்த வாக்கு என்றேன். பலகையின் முனையைப் பாருங்கள். வளையக் கோடுகள் செங்குத்தாக நின்றால் அது மரத்தின் நடுவிலிருந்து ஆரவாக்கில் அறுத்தது. கோடுகள் படுத்துக் கிடந்தால் பட்டைக்கு இணையாக அறுத்தது. முதல் வகை, இரண்டாவதில் பாதி அளவுதான் ஊதிச் சுருங்கும். கழுத்துக்கும் விரல்பலகைக்கும் முதல் வகையைத் தேடி அலைவது வீண் அலைச்சல் அல்ல.

அதைவிட நல்ல வழி ஒன்று நம் ஊரில் இருக்கிறது. இடிக்கும் பழைய வீட்டின் தேக்கு நிலைச்சட்டம், உடைந்த ஈட்டிக் கட்டில் கால், பயனில்லாமல் கிடக்கும் அலமாரிப் பலகை: இவையெல்லாம் இதே காற்றில் பல மழையும் பல கோடையும் பார்த்து அடங்கியவை. வெளிநாட்டிலிருந்து 8 சதவீத ஈரத்தில் வந்து இறங்கும் விலையுயர்ந்த பலகை, இங்கே வந்தபின்தான் ஊதத் தொடங்கும். நான் பழைய மரத்தின் பக்கம். உள்ளே ஒடிந்த ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு அறுக்க வேண்டும், அவ்வளவுதான். காட்டையும் நினைக்க வேண்டியிருக்கிறது. பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டின் வணிகம் 1992இல் அநேகமாக முழுதும் தடைபட்டது. உலக கிட்டார் தொழில் அதற்கு முன்பே நம் ஈட்டியின் பக்கம் திரும்பியிருந்தது; அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969இலேயே மாறிவிட்டது. 2017 ஜனவரியில் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்குக் கிடைத்தது. தமிழ்நாடு 1990களிலேயே ஈட்டி மரங்களைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றியது. உடைந்த கட்டிலின் கால் போதும் என்றால் எந்த மரத்தையும் வெட்ட வேண்டாமே.

புது மரம் வாங்கினால் காயவைப்பதே முதல் வேலை. பலகைகளுக்கு நடுவில் குச்சிகள் வைத்து நிழலில் அடுக்குங்கள். வாரம் ஒருமுறை எலக்ட்ரானிக் தராசில் நிறுத்து, எடையைப் பலகையின் மேலேயே எழுதுங்கள். எடை இறங்குவது நின்றால் மரம் நம் காற்றோடு சமாதானம் ஆகிவிட்டது என்று பொருள். துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் ஒரு துண்டை நிறுத்து, அடுப்புப் பெட்டியில் 103 டிகிரியில் எடை மாறாத நிலை வரை வைத்து, மறுபடி நிறுங்கள். குறைந்த எடையை உலர்ந்த எடையால் வகுத்தால் ஈரத்தின் விகிதம் கைக்கு வந்துவிடும்.

உடலுக்கு எந்த மரம் என்பதில்தான் சண்டை அதிகம். தேக்கில் செய்த 44 மில்லிமீட்டர் தடிமனுள்ள உடல் இரண்டரைக் கிலோவைத் தாண்டும், தோள் வலிக்கும். மலைவேம்பு நன்றாக லேசாக இருக்கும். மகாகனியும் சந்தன வேம்பும் நடுத்தரம். ஆனால் மரத்தால் ஒலி எவ்வளவு மாறும்? வீணைக்கு இந்தக் கேள்வியே எழாது. தஞ்சாவூர் வீணையின் பலாக்குடம் அதிர்ந்துதான் காற்றை அசைக்கிறது. எலெக்ட்ரிக் கிட்டாரில் அந்த வேலையை ஸ்பீக்கர் செய்கிறது. கம்பிக்குக் கீழே ஒரு காந்தம், அதைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பிச் சுருள், இதுதான் பிக்கப். காந்தத்தால் எஃகுக் கம்பியும் காந்தமாகி, அது அதிரும்போது சுருளுக்குள் காந்தப்புலம் மாறுகிறது, மின்சாரம் பிறக்கிறது. 1831இல் ஃபாரடே கண்ட அதே தூண்டல். பிக்கப் காற்றின் ஒலியைக் கேட்பதில்லை, கம்பியின் அசைவை மட்டுமே பார்க்கிறது. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டாரின் உடலே வார்ப்பு அலுமினியம்தான். மேடை விளக்கின் சூட்டில் அலுமினியம் விரிந்து சுருதி கலைந்ததுதான் அதன் தொல்லை. ஜெர்மனியில் ரேகன்ஸ்பூர்க் நகரின் ஆய்வாளர் மான்ஃப்ரெட் ஸோல்னர் பல ஆண்டுகள் அளந்து பார்த்து, திண்ம உடல் கிட்டாரில் மரத்தின் பங்கு மிகச் சிறியது என்றே முடிவு சொன்னார். நானும் அந்தக் கட்சி. உடல் மரத்துக்குச் செலவிட எண்ணிய பணத்தைக் கழுத்துக்கும் பிக்கப்புக்கும் திருப்புங்கள்.

பிக்கப்பையும் வீட்டிலேயே சுற்றலாம். ஃபேனுக்கும் மோட்டாருக்கும் காயில் கட்டும் கடைகள் பூந்தமல்லி வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. கைப்பிடியும் சுற்று எண்ணும் கருவியும் உள்ள அந்த இயந்திரமே இதற்கும் போதும். ஃபேனுக்குச் சுற்றும் கம்பி இதற்குத் தடிமன். இங்கே வேண்டியது 0.06 மில்லிமீட்டர், கடைக்கணக்கில் 46ஆம் நம்பர். 100 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அறுந்துபோகும் கம்பி அது. அதை ஒரே இழுவிசையில் எட்டாயிரம் சுற்றுக்கு நெருக்கமாகச் சுற்ற வேண்டும். காயில் கட்டிப் பழகிய விரல்களுக்கு அந்த இழுவிசை தெரியும். எந்தப் புத்தகத்திலும் அதைப் படிக்க முடியாது. சுற்றி முடித்ததும் உருக்கிய மெழுகில் மூழ்கவைக்கிறோம், சுருளின் சுற்றுகள் தளர்ந்து தாமாக அதிர்ந்து ஊளையிடாமல் இருப்பதற்காக. ஈரமும் உள்ளே எளிதில் போகாது. ஒற்றைச் சுருளுக்கு ஒரு குறை உண்டு: பக்கத்து டிரான்ஸ்ஃபார்மரின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களை எதிரெதிர் காந்த முனைகளோடு சேர்த்து அந்த இரைச்சலைத் தனக்குத்தானே அடித்துக்கொள்ள வைத்தார்.

ஒட்டும் இடத்திலும் தண்ணீர் காத்திருக்கிறது. வெள்ளைப் பசையில் நீர் உண்டு. இரண்டு பலகைகளை ஒட்டினால் இணைப்பின் ஓரம் அந்த நீரைக் குடித்துச் சற்றுப் புடைக்கும். மறுநாளே உப்புத்தாள் போட்டுச் சமமாக்கினால், சில வாரம் கழித்து அந்த இடம் காய்ந்து பள்ளமாகும். பளபளப்பான பெயின்ட்டுக்கு அடியில் ஒரு கோடாகத் தெரியும். அவசரப்படாமல் விட்டுவைப்பதைத் தவிர இதற்கு மருந்து கிடையாது.

பிறகு வண்ணம். நம் தச்சர்கள் இன்றும் டூகோ என்று சொல்லும் பெயர், அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனம் 1920களில் கார்களுக்காகக் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் பெயின்ட்டின் வணிகப் பெயர். அதுவரை வாரக்கணக்கில் காயவைத்த கார் வண்ணம் அதன் பிறகு ஒரே நாளில் காய்ந்தது. ஃபெண்டர் நிறுவனம் தன் கிட்டார்களுக்குப் பூசிய புகழ்பெற்ற வண்ணங்கள் கார்களுக்காகக் கலந்தவையே. ஃபியஸ்டா ரெட் என்ற சிவப்பு 1956இன் ஃபோர்டு தண்டர்பேர்டு காரிலிருந்து வந்தது. அதனால் டிங்கரிங் பெயின்டிங் பட்டறையில் பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு, ஸ்ப்ரே அடிப்பவரிடம் கிட்டாருக்கு வேண்டிய முழு வித்தையும் இருக்கிறது. அவரிடம் போய்க் கற்றுக்கொள்ளத் தயங்காதீர்கள்.

மழை நாளில் மட்டும் அவரே அடிக்க மாட்டார். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, பரப்பு சட்டென்று குளிர்கிறது. ஈரம் மிகுந்த காற்றில் ஓரிரு டிகிரி இறங்கினாலே நீர் துளிர்க்கத் தொடங்கிவிடும். அந்த நீர் ஈரமான பெயின்ட்டுக்குள் சிக்கி, வெள்ளையாகப் பூத்துவிடும். மெதுவாக ஆவியாகும் ரிடார்டரைக் கொஞ்சம் கலந்தால் தப்பிக்கலாம். அதைவிட, தை மாசியில் காலைப் பனி விலகிய பிறகு, கடற்காற்று வந்து சேர்வதற்கு முன், மெல்லிய படலங்களாக அடிப்பது மேல். உடலின் எல்லா முகத்தையும், பிக்கப் குழிகளையும் சேர்த்து, மூடுங்கள். ஒரு பக்கம் மூடி மறுபக்கம் திறந்திருந்தால் அந்தப் பக்கம் மட்டும் ஊதி, பலகை வளையும். இரண்டு கலவையாக வரும் கார் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலுக்கு ஆகாது. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பது கூடவே கூடாது. உரிய காற்றுக் கவசம் இல்லாதவர் அந்தப் படலத்தைப் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்வதே சரி.

கம்பி கட்டியதும் கழுத்து உண்மையாக வேலை செய்யத் தொடங்கும். ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கின்றன. அதை எதிர்க்கக் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ 1923இல் காப்புரிமை பெற்ற டிரஸ் ராட். ஏழாவது மெட்டருகே கழுத்து 0.2 மில்லிமீட்டர் அளவுக்குக் குழிந்திருந்தால் கம்பி மெட்டில் இடிக்காமல் அதிரும். மழைக்காலத்தில் இந்த அளவு மாறும், கோடையில் மறுபடி மாறும். ராடைக் கால் திருப்பு திருப்பி, ஒரு நாள் விட்டு, மறுபடி அளக்க வேண்டும். வீணைக்காரருக்கு இது புதிதல்ல. கரித்தூள் கலந்த தேன்மெழுகில் 24 மெட்டுகளைக் காதால் கேட்டு ஒவ்வொன்றாக நிறுத்துவதை மேளம் கட்டுவது என்பார்கள். மெழுகு இளகினால் மறுபடி கட்டலாம். ரம்பத்தால் அறுத்த கிட்டார் மெட்டுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை, அந்த இடத்தை ராடு நிரப்புகிறது.

வீணையிடம் கிட்டார் வேறொன்றும் கற்றிருக்கிறது. உயரமான மெட்டுகளின் மேல் வீணைக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது விரலுக்குக் கீழே மரம் தடுப்பதில்லை, கமகம் தடையில்லாமல் ஓடுகிறது. வீணை பயின்ற கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், 1970களில் தம் கிட்டாரின் மெட்டுகளுக்கு இடையே மரத்தைப் பள்ளமாகச் செதுக்கச் செய்து, சக்தி என்ற இசைக்குழுவில் அதை வாசித்தார். இங்கே மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைக் கம்பி ஜோடிகளைக் கழற்றிவிட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகளோடு எலெக்ட்ரிக் மாண்டலினைக் கர்நாடக இசைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார். தன் கையால் கிட்டார் செய்பவருக்கு இந்த வழி திறந்தே கிடக்கிறது: அரைவட்ட அரமும் உப்புத்தாளும் எடுத்து, பன்னிரண்டாவது மெட்டுக்கு மேல் ஒரு சில இடங்களில் மட்டும் முதலில் பள்ளம் எடுத்து, தோடி ராகத்தின் காந்தாரத்தை வாசித்துப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மற்ற இடங்களுக்கும் போகலாம். முழுதும் பள்ளம் எடுத்தால் கழுத்தின் விறைப்பு சற்றுக் குறையும். ராடை மறுபடி அளந்து திருப்பி, அடுத்த மழைக்காலம் முடியும் வரை மாதம் ஒருமுறை பார்த்துவர வேண்டியிருக்கும்.